நாட்டுக் கணக்கு – 9: பிழையையும் சேர்த்து அச்சிட்டவர்கள்

இந்தத் தொடரில் இதுவரை பார்த்த கணக்குகள் எல்லாம் தனி ஆட்கள் போட்டவை.

தாதாபாய் நவ்ரோஜியின் கணக்குப்படி 1867-68-ல் ஓர் இந்தியனின் ஆண்டு வருமானம் 20 ரூபாய். சிறைக்கைதியின் சோற்றுக்கும் துணிக்கும் சர்க்கார் செய்கிற செலவுக்குக்கூட அது காணாது என்று வாதிட்டார் அவர். சர்க்கார் தரப்பு 1882-ல் 27 ரூபாய் என்றது. நூற்றாண்டு திரும்பும்போது கர்ஸன் பிரபு 30 என்றார். அதே சமயத்தில் வில்லியம் டிக்பி 18-ஐ ஒட்டி நின்றார்.

முப்பதும் பதினெட்டும் ஒரே நாட்டின், ஏறக்குறைய ஒரே காலத்தின் கணக்கு! ஆட்சி நல்லது என்று காட்ட நினைத்தவருக்குப் பெரிய எண் கிடைத்தது. கெட்டது என்று காட்ட நினைத்தவருக்குச் சின்ன எண்.

பிறகு காஞ்சிபுரத்தில் பிறந்து கேம்பிரிட்ஜ் போன வி.கே.ஆர்.வி. ராவ் வந்தார். 1931-32-ல் பிரிட்டிஷ் இந்தியாவின் தலா வருமானம் 62 ரூபாய் என்று அவர் 1940-ல் வெளியிட்ட புத்தகம் சொன்னது. கட்சி கட்டாமல், துறை துறையாக உட்கார்ந்து போட்ட கணக்கு அது. ஆனாலும் ராவ் தனி ஆள்தான். அவர் கேட்டால் கலெக்டர் ஆபீஸ் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

1934-ல் பவுலி, ராபர்ட்சன் என்ற இரண்டு ஆங்கிலப் பொருளாதார அறிஞர்கள் நாடு தழுவிய பொருளாதாரக் கணக்கெடுப்புக்குத் திட்டம் எழுதிக் கொடுத்ததையும், அதில் பெரும்பகுதி அலமாரிக்குப் போனதையும் சென்ற வாரம் பார்த்தோம்.

இந்த வாரம் அலமாரி திறக்கிறது.

*

1949 ஆகஸ்ட் 4.

சுதந்திரம் வந்து இரண்டு வருடம் நிறைய இன்னும் பதினோரு நாள். மத்திய நிதியமைச்சகம் ஒரு குழுவை அமைக்கிறது. பெயர், தேசிய வருமானக் குழு. ஆட்கள் மூன்றே பேர்.

தலைவர் பிரசாந்த சந்திர மகாலனோபிஸ். படித்தது இயற்பியல், பிழைப்பு புள்ளியியல். கல்கத்தாவில் 1931-ல் இந்தியப் புள்ளியியல் கழகத்தைத் தொடங்கியவர். வங்காளத்துச் சணல் வயல்களில் மாதிரிக் கணக்கெடுப்பு நடத்தி, ஒரு பங்கை எண்ணி முழுப் பரப்பையும் சொல்லலாம் என்று காட்டியவர்.

இரண்டாமவர் டி.ஆர். காட்கில். பூனாவில் கோகலே அரசியல் பொருளாதார ஆய்வு நிறுவனத்தை நடத்தியவர். ஊர் ஊராகப் போய் விவசாயியின் வரவு செலவைக் கேட்டு எழுதுகிற பள்ளி அவருடையது.

மூன்றாமவர் நம் ராவ்.

ஆளைத் தேர்ந்தெடுத்த விதத்தைக் கவனியுங்கள். ஒருவருக்கு மாதிரி எடுக்கத் தெரியும். ஒருவருக்குக் கிராமம் தெரியும். ஒருவருக்கு வருமானக் கணக்கின் இலக்கணம் தெரியும். அரசாங்கக் குழுக்களில் இப்படிப் பொருத்தம் அமைவது அபூர்வம்.

அப்போது நிதியமைச்சர் ஜான் மத்தாய். அடுத்த வருடமே, 1950-ல், திட்டக் குழு அமைந்த விதம் பிடிக்காமல் பதவியைத் துறந்தவர். திட்டமிடலின் கச்சாப் பொருளான தேசிய வருமானக் கணக்கு, திட்டக் குழுவை எதிர்த்த அமைச்சரின் காலத்தில் பிறந்தது என்பது இந்தக் கதையில் எனக்குப் பிடித்த முரண்.

அவசரம் இருந்தது. பிரிவினை, அகதிகள், இறக்குமதியாகும் உணவு தானியம். குழு அமைந்த அடுத்த மாதமே ரூபாயின் மதிப்புக் குறைக்கப்பட்டது. எவ்வளவு வரி போடலாம், எவ்வளவு கடன் வாங்கலாம், எதை வெட்டலாம் என்ற கேள்விகளுக்கெல்லாம் அடியில் ஒரே கேள்வி கிடந்தது. நாடு மொத்தமாக ஒரு வருடத்தில் எவ்வளவு சம்பாதிக்கிறது?

டெல்லியில் யாருக்கும் தெரியாது.

*

மூவரும் பீரோவைத் திறந்து பார்த்தபோது உள்ளே இருந்தது என்ன?

யார் என்ன தொழில் செய்கிறார் என்று நாடு முழுக்க எண்ணிய கடைசி முழுப் பட்டியல், 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பினுடையது. 1941-லும் எண்ணினார்கள். ஆனால் போர் நடந்துகொண்டிருந்ததால் அட்டவணைகளை முழுதாகப் போடவில்லை. ஐம்பதுக்கு ஒன்று என்று எடுத்து வைத்த மாதிரிச் சீட்டுகள் மட்டும் மிஞ்சின. பதினெட்டு வருடப் பழைய பட்டியல் போதாதென்று, அந்தப் பட்டியல் எண்ணிய நாடே இப்போது இல்லை. வங்காளத்திலும் பஞ்சாபிலும் பாதி அந்தப் பக்கம் போய்விட்டது.

தொழிற்சாலைகள்? 1946 முதல் உற்பத்தித் தொழில் கணக்கெடுப்பு ஒன்று நடந்து வந்தது. மின்சாரமோ எஞ்சினோ வைத்து, இருபது பேருக்குக் குறையாமல் வேலை பார்க்கிற ஆலைகளை மட்டும் அது எண்ணியது. 63 தொழில்களாகப் பிரித்திருந்தார்கள். எண்ணியது 29 தொழில்களை.

ரயில்வே, தபால், அரசாங்கச் சம்பளம் இவற்றுக்குப் பிரச்சினை இல்லை. சர்க்கார் தன் கணக்கைத் தானே எழுதி வைத்திருந்தது.

மிச்சமெல்லாம் இருட்டு. தறி, செக்கு, குயவரின் சக்கரம், மாட்டு வண்டி, சந்தைக் கடை, வட்டிக்கடை, வைத்தியர், நாவிதர். இவர்கள் யாரும் வருமான வரி ஆபீஸ் வாசலை மிதித்ததில்லை.

இவை எல்லாவற்றுக்கும் மேலே, வயல்.

*

வயலில் நின்று நிதானிப்போம். நாட்டு வருமானத்தில் பாதி அங்கேதான் இருந்தது. அங்கே தப்பினால் மற்றதில் எவ்வளவு கவனமாக இருந்தும் புண்ணியமில்லை.

விளைச்சலுக்கான பழைய சர்க்கார் கணக்கு மூன்று எண்களின் பெருக்கல். எத்தனை ஏக்கர் பயிர் வைத்தார்கள்? சாதாரண வருடத்தில் ஏக்கருக்கு எவ்வளவு விளையும்? இந்த வருடம் அதில் எத்தனை பங்கு?

முதல் எண்ணைப் பொறுத்தவரை சென்னை மாகாணம் கொடுத்து வைத்தது. ரயத்துவாரி கிராமங்களில் கர்ணம் இருந்தார். சர்வே எண் வாரியாக எந்தப் பயிர், எவ்வளவு பரப்பு என்று அடங்கலில் எழுதி வைத்தார். வங்காளத்திலும் பீகாரிலும் நிரந்தர ஜமீன் முறை. ஜமீன்தார் கட்டுகிற பேஷ்குஷ் மாறாது என்றால், வயலில் என்ன விளைந்தால் சர்க்காருக்கு என்ன? எனவே கர்ணமும் இல்லை, அடங்கலும் இல்லை. ஊர்க் காவல்காரர் வாய்மொழியாகச் சொன்னதே பல இடங்களில் சாகுபடிப் புள்ளிவிவரம் ஆயிற்று.

இரண்டாவது எண், 'சாதாரண' விளைச்சல். எப்போதோ நடந்த சோதனையில் கிடைத்த எண்ணைப் பல வருடம் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாவது எண்தான் வேடிக்கையானது. அதை அணாவில் சொன்னார்கள்.

கிராம அதிகாரி வரப்பில் நின்று பயிரைப் பார்ப்பார். 'பத்தணா வெள்ளாமை' என்று எழுதுவார். பதினாறில் பத்துப் பங்கு என்று பொருள். எல்லா இடத்திலும் இல்லை! சில மாகாணங்களில் 16 அணா முழு விளைச்சல். வேறு சிலவற்றில் 12 அணாவே முழு விளைச்சல். இங்கே பத்தணா என்றால் சுமார். அங்கே பத்தணா என்றால் அமோகம்.

இதில் இன்னொரு சிக்கல். விளைச்சல் மோசம் என்றால் தீர்வையில் வஜா கிடைக்கும். ஊரோடு வாழ்கிற அதிகாரி, ஊர் வஜா கேட்டு நிற்கும்போது, ஓரணா கூட்டி எழுதுவாரா, குறைத்து எழுதுவாரா? புள்ளியியல் படிக்காதவருக்கும் விடை தெரியும்.

இதற்கு மாற்றுதான் பயிர் அறுவடைச் சோதனை. கண்ணால் பார்ப்பதற்குப் பதில் அறுத்து நிறுப்பது.

கேட்க எளிது. எந்த ஊர், அந்த ஊரில் எந்த சர்வே எண், அந்த வயலுக்குள் எந்த இடம் என்று மூன்றையும் சமவாய்ப்பு எண் அட்டவணையைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். வயல்காரரிடம் விட்டால் பெருமைக்கு நல்ல மூலையைக் காட்டுவார். வரிக்குப் பயந்தால் பதரான மூலையைக் காட்டுவார். ஆய்வாளர் வரப்பின் முனையிலிருந்து இத்தனை அடி நீளவாக்கில், இத்தனை அடி குறுக்குவாக்கில் என்று எண்ணி நடந்து, நின்ற இடத்தில் முளை அடிப்பார். 33 அடி நீளம், பதினாறரை அடி அகலம். நான்கு மூலைக்கும் கயிறு. ஏக்கரில் எண்பதில் ஒரு பங்கு. உள்ளே இருப்பதை மட்டும் அறுத்து, அடித்து, தூற்றி, காயவைத்து, நிறுக்க வேண்டும்.

கயிற்றின் மேலேயே நிற்கிற தூர் உள்ளேயா, வெளியேயா?

சிரிக்க வேண்டாம். சுதந்திர இந்தியாவின் புள்ளியியலில் நடந்த முதல் பெரிய சண்டை இதைப் பற்றியது. மகாலனோபிஸ் கட்சி, நான்கடி ஆரம் போன்ற சின்ன வட்டங்களாக நிறைய இடத்தில் அறுக்கலாம் என்றது. செலவு குறைவு, அதிக வயல்களைத் தொடலாம். டெல்லியில் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் குழுவில் இருந்த பி.வி. சுகாத்மே, வி.ஜி. பான்சே கட்சி அதை ஏற்கவில்லை. வெட்டுகிற இடம் சிறியதாக ஆக, பரப்போடு ஒப்பிட்டால் ஓரம் பெரிதாகிவிடும். ஓரத்துத் தூரை ஆட்கள் பெரும்பாலும் உள்ளே சேர்த்துவிடுகிறார்கள். அதனால் விளைச்சல் கூடுதலாகத் தெரிகிறது என்று சோதனை நடத்திக் காட்டினார் சுகாத்மே.

நீங்களே போட்டுப் பாருங்கள். நான்கடி ஆர வட்டத்துக்குச் சுற்றளவு 25 அடி, பரப்பு 50 சதுர அடி. சதுர அடிக்கு அரை அடி ஓரம். 33-க்குப் பதினாறரை நீள்சதுரத்துக்குச் சுற்றளவு 99 அடி, பரப்பு 544 சதுர அடிக்குச் சற்று மேல். ஓரம் ஐந்தில் ஒரு பங்கு அடிகூட இல்லை. இந்த விஷயத்தில் சுகாத்மே சொன்னது சரி என்பது என் கட்சி. மகாலனோபிஸ் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை என்பது வேறு கதை.

ஆக, தேசிய வருமானக் குழுவின் மேஜைக்கு வந்த நெல் ஒரே நெல் அல்ல. சில இடத்து நெல் கயிறு கட்டி அறுத்தது. சில இடத்து நெல் அணாவில் கண்டது. சில இடத்து நெல் காவல்காரர் சொன்னது. மூன்றையும் ஒரே பத்தியில் கூட்ட வேண்டும்.

*

அளவு கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். விலை?

விளைந்த நெல்லில் பெரும்பகுதி சந்தைக்கே வருவதில்லை. குடும்பம் சாப்பிட்டது போக, அறுத்தவருக்குக் கூலி நெல், ஏகாலிக்கும் கொல்லருக்கும் களத்து மேட்டிலேயே அளந்துவிட்ட நெல். கை மாறாத பொருளுக்கு எந்த விலை போடுவது? தஞ்சாவூர் களத்து விலையா, மயிலாப்பூர் கடை விலையா? கடை விலையைப் போட்டால் வண்டிக்காரர், ஆலைக்காரர், மண்டிக்காரர், கடைக்காரர் எல்லாருடைய வரும்படியும் விவசாயி தலையில் ஏறிவிடும். பிறகு அவர்களைத் தனியாக எண்ணும்போது இரட்டைக் கணக்காகும். எனவே களத்து விலைதான்.

ஹோட்டல் இட்லியை எண்ணும்போதும் இதே எச்சரிக்கை. இட்லி விற்ற பணத்தில் அரிசி, உளுந்து, விறகுக்குக் கொடுத்ததைக் கழித்தால் மிஞ்சுவதே ஹோட்டலின் பங்கு. ஒவ்வொரு படியிலும் புதிதாகச் சேர்ந்ததை மட்டும் எண்ணுவதே இந்தக் கணக்கின் அடிப்படை விதி. விவசாயத்திலும் சுரங்கத்திலும் ஆலையிலும் உற்பத்தியிலிருந்து இடுபொருளைக் கழிக்கலாம். வியாபாரத்திலும் தொழில்முறைச் சேவையிலும் உற்பத்தி என்று எதைக் கையில் பிடிப்பது? அங்கே ஆட்களை எண்ணி, ஆளுக்கு எவ்வளவு வருமானம் என்று பார்த்துப் பெருக்க வேண்டும். ராவ் 1930-களில் தனியாகக் கையாண்ட இந்தக் கலப்பு முறையையே குழு எடுத்துக்கொண்டது.

பெண்களின் வேலை? சம்பளத்துக்குக் களை பறித்தால் கணக்கில் வரும். வீட்டில் நெல் குத்தினால் வராது. அன்று பெரும்பாலும் இதுதான் வழக்கம். விளைவைப் பாருங்கள். ஊருக்கு அரிசி ஆலை வருகிறது; உலக்கை மூலைக்குப் போகிறது. அரிசி ஒரு படிகூடக் கூடவில்லை. ஆனால் ஆலைக் கூலி கணக்கில் ஏறியதால் நாட்டு வருமானம் உயர்ந்துவிட்டது. வளர்ச்சி என்று நாம் சொல்வதில் ஒரு பகுதி, வேலை வீட்டை விட்டு வெளியே வந்ததால் கண்ணுக்குத் தெரிந்தது மட்டுமே.

இந்தச் சிக்கலை நன்றாக உணர்ந்தவர் ஒருவர் குழுவுக்கு ஆலோசகராக வந்தார். அமெரிக்காவின் தேசிய வருமானக் கணக்கை 1934-ல் செனட்டுக்குப் போட்டுக் கொடுத்த சைமன் குஸ்நெட்ஸ். குடும்பத்துக்குள்ளேயே பாதிப் பொருளாதாரம் நடக்கிற நாடுகளைத் தொழில் நாடுகளின் அளவுகோலால் அளந்தால் ஏழை நாடு உள்ளதைவிட ஏழையாகத் தெரியும் என்று 1949-லேயே எழுதியவர் அவர். கூடவே, போர்க்காலப் பிரிட்டனின் கணக்கை ஜேம்ஸ் மீடுடன் சேர்ந்து உருவாக்கிய ரிச்சர்ட் ஸ்டோன், ஐ.நா. புள்ளியியல் அலுவலகத்தின் டெர்க்சன். குஸ்நெட்ஸும் ஸ்டோனும் பிற்பாடு நோபல் பரிசு பெற்றார்கள். அந்த நாளில் ஒரு நாட்டின் கணக்குக்கு இதைவிடப் பெரிய ஆலோசகர்களைக் கூட்டியிருக்க முடியாது.

ஆலோசகர்கள் முறை சொல்லலாம். தறியை யார் எண்ணுவது?

*

1951 ஏப்ரல். முதல் அறிக்கை வெளியானது.

1948-49-ல் இந்திய யூனியனின் தேசிய வருமானம் 8,710 கோடி ரூபாய். தலைக்கு 255 ரூபாய்.

மாதத்துக்கு இருபத்தொரு ரூபாய் சொச்சம். ஒரு சுதந்திர அரசாங்கம் தன் மக்களின் வருமானம் இவ்வளவுதான் என்று தானே கணக்குப் போட்டு வெளியிட்டது. நவ்ரோஜி வெள்ளைக்காரனிடம் கேட்டுக் கேட்டுக் கிடைக்காத காரியம் இது.

மை காய்வதற்குள் அடுத்த எண் வந்தது.

அந்த வருடம் பிப்ரவரி, மார்ச்சில்தான் புதிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்து முடிந்திருந்தது. 8,710 கோடியை 255-ஆல் வகுத்தால், குழு முதலில் நாட்டில் 34 கோடிக்குச் சற்று மேல் ஆட்கள் இருந்ததாக வைத்துக்கொண்டது தெரியும். எண்ணிப் பார்த்தால் ஆட்கள் அதைவிட அதிகம். தொழில்வாரிப் பட்டியலும் புதிதாகக் கிடைத்தது. மூவரும் மறுபடி உட்கார்ந்தார்கள்.

1954 பிப்ரவரியில் இறுதி அறிக்கை. அதே 1948-49-க்குத் தேசிய வருமானம் 8,650 கோடி. தலைக்கு 247-க்குச் சற்றுக் குறைவு.

எந்த வயலும் காயவில்லை, எந்த ஆலையும் மூடவில்லை. ஆனால் ஓர் இந்தியனின் வருமானத்தில் எட்டு ரூபாய் காணாமல் போயிற்று. பெரும்பாலும் ஆள் கணக்கு திருந்தியதால் வந்த வித்தியாசம் அது.

இறுதி அறிக்கை 1950-51 வரை நீண்டது. அந்த வருடத்துக்கு 9,530 கோடி. தலைக்கு 265 ரூபாய். அதில் விவசாயமும் அதைச் சார்ந்தவையும் 4,890 கோடி. பாதிக்கு மேல். ஆலைகள் 550 கோடி. தறி, செக்கு, பட்டறை போன்ற சிறு தொழில்கள் 910 கோடி.

கடைசி இரண்டு எண்களைத் திரும்பப் படியுங்கள். புகைபோக்கி வைத்த ஆலைகள் எல்லாம் சேர்ந்து தந்ததைவிடத் தாழ்வாரத்தில் நடந்த தொழில்கள் ஒன்றரை மடங்குக்கும் மேல் தந்தன. மேடைகளில் பேச்செல்லாம் உருக்கைப் பற்றி. நாடு பிழைத்தது தறியில்.

ஆனால் அந்த 910 எப்படி வந்தது? யாரும் தறி தறியாகப் போய் எண்ணவில்லை. வேலை செய்பவர்களின் தொகையை, ஆங்காங்கே கிடைத்த ஆய்வுகளிலிருந்து எடுத்த ஆள்வீத வருமானத்தால் பெருக்கினார்கள். 550 கோடியின் பின்னால் ஆலைகளின் பேரேடு இருந்தது. 910 கோடியின் பின்னால் ஒரு பெருக்கல் இருந்தது. அட்டவணையில் இரண்டும் ஒரே அச்செழுத்தில் நின்றன.

குழு இதை மறைக்கவில்லை. எந்தத் துறையின் எண்ணில் எவ்வளவு பிழை இருக்கலாம் என்பதையும் அறிக்கையிலேயே சொன்னது. எனக்குத் தெரிந்து இந்திய அரசு ஆவணங்களில் இவ்வளவு நேர்மையான பக்கங்கள் குறைவு. இன்று காலாண்டுக்கு ஒரு முறை வளர்ச்சி வீதத்தைத் தசமப் புள்ளியோடு அறிவிக்கிறார்கள். பக்கத்தில் பிழை அளவைப் போடுகிற வழக்கம் எப்போதோ போய்விட்டது.

இடைவெளியை அடைக்க மகாலனோபிஸ் கையில் எடுத்தது தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு. குழுவின் தேவைகளோடு பின்னிப் பிறந்த பிள்ளை அது. 1950 அக்டோபரில் முதல் சுற்று தொடங்கியது, 1,833 கிராமங்கள். போன ஆய்வாளருக்கு மொழி ஒரு பிரச்சினை என்றால் அளவை இன்னொன்று. நம் பக்கத்திலேயே மரக்கால் ஊருக்கு ஊர் மாறும். நிலம் ஓரிடத்தில் குழி, ஓரிடத்தில் மா, ஓரிடத்தில் காணி. 'எத்தனை மரக்கால்?' என்று கேட்டு முடித்த பிறகு, 'உங்கள் மரக்காலில் எத்தனை படி?' என்றும் கேட்டால்தான் டெல்லியில் அது டன் ஆகும்.

*

இப்போது இந்த எண்கள் அடுத்த வீட்டுக்குப் போகின்றன. திட்டக் குழுவுக்கு.

1952 டிசம்பரில் முதல் ஐந்தாண்டுத் திட்டத்தின் முழு வடிவம் வெளிவந்தது. அதன் தொடக்கப் பகுதியை எழுதியதில் பெரும்பங்கு, இருபதுகளின் பாதியில் இருந்த ஓர் இளைஞருக்கு. பெயர் கே.என். ராஜ். தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்து, லண்டன் போய் டாக்டர் பட்டம் வாங்கி வந்தவர்.

அந்தப் பக்கங்களில் இந்திய வருமானக் கணக்கு வெறும் வரலாறாக இல்லாமல் எதிர்காலம் சொல்லத் தொடங்கியது. தர்க்கம் சுருக்கமானது. நாடு வருமானத்தில் ஐந்து சதவீதம் சேமிக்கிறது. மூன்று ரூபாய் முதல் போட்டால் வருடத்துக்கு ஒரு ரூபாய் வருமானம் கூடும். சேமிப்பைப் படிப்படியாக உயர்த்தினால் 1977 வாக்கில் தலா வருமானம் இரட்டிப்பாகும். முதல் ஐந்து ஆண்டு இலக்கு, சுமார் 9,000 கோடியிலிருந்து சுமார் 10,000 கோடி. அதாவது 11 சதவீத உயர்வு.

இங்கேதான் நிற்க வேண்டும்.

அடிப்படை எண்ணான 9,000 கோடியே, பதினான்கு மாதம் கழித்து வந்த இறுதி அறிக்கையில் 9,530 ஆகிவிட்டது. ஐந்து வருடத்தில் ஏற வேண்டிய ஆயிரம் கோடியில் பாதிக்கு மேல், காகிதத்திலேயே ஏறியாயிற்று. அந்த 9,530-லும் பத்து சதவீதம் பிழை இருக்கலாம் என்று வைத்தால், பிழை மட்டும் 950 கோடி. ஐந்து வருட வளர்ச்சி இலக்கும், எண்ணுவதில் ஏற்படக்கூடிய தவறும் ஏறக்குறைய ஒரே அளவு!

அந்த ஐந்து சதவீதச் சேமிப்பைப் பற்றியும் கேட்கலாம். குடும்பங்களின் சேமிப்பை முறையாக அளந்து வந்த தொடர் எதுவும் அன்று கிடையாது. விவசாயி தானே வெட்டிய கிணறும், கட்டிய கட்டைச் சுவரும் சேமிப்பில் சேருமா என்பதே தீராத வழக்கு.

ராஜையோ திட்டக் குழுவையோ குறை சொல்வது என் நோக்கம் அல்ல. சரியான எண் வரட்டும் என்று காத்திருந்தால் பக்ரா அணை இன்னும் காகிதத்தில் இருந்திருக்கும். தெரிந்த அளவை வைத்துத் தீர்மானிப்பது அரசாங்கத்தின் வேலை. ஆனால் தீர்மானித்த பிறகு, அது தெரிந்த அளவுதான் என்பதை நினைவில் வைத்திருப்பதும் அதே அரசாங்கத்தின் வேலை. அதில்தான் கோட்டை விட்டார்கள்.

எப்படி?

முதல் திட்டம் 1956-ல் முடிந்தபோது எல்லாருக்கும் ஆச்சரியம். 11 சதவீதம் எதிர்பார்த்த இடத்தில் தேசிய வருமானம் 18 சதவீதம் உயர்ந்திருந்தது. மூன்று ரூபாய் முதலுக்கு ஒரு ரூபாய் என்று நினைத்தார்களே, கணக்குப் பார்த்தால் 1.8 ரூபாய் முதலுக்கே ஒரு ரூபாய் வந்திருந்தது.

இதற்கு முன்பே கல்கத்தாவில் இன்னொரு வேலை தொடங்கிவிட்டது. 1954 நவம்பர் 3 அன்று இந்தியப் புள்ளியியல் கழகத்தில் தேசத் திட்டமிடலுக்கான ஆய்வுகளை நேரு தொடங்கி வைத்தார். மகாலனோபிஸ் இப்போது கணக்குப்பிள்ளை மட்டும் அல்ல, கட்டடம் வரைபவர். பொருளாதாரத்தை நான்கு துறைகளாகப் பிரித்து, எந்தத் துறையில் எத்தனை ரூபாய் போட்டால் எவ்வளவு வருமானம், எத்தனை பேருக்கு வேலை என்று சமன்பாடுகள் எழுதினார். 5,600 கோடி ரூபாய் முதலீடு, ஒரு கோடியே பத்து லட்சம் புதிய வேலைகள் என்று விடை வந்தது.

சமன்பாடு ஒவ்வொன்றும் ஓர் எண்ணைக் கேட்டது. ஒரு துறையில் ஒரு ரூபாய் வருமானத்துக்கு எவ்வளவு முதல்? ஓர் ஆளை வேலைக்கு வைக்க எவ்வளவு முதல்? இரும்புக்கு எவ்வளவு நிலக்கரி, நிலக்கரிக்கு எவ்வளவு ரயில்? பெருக்கலில் பிறந்த அந்த 910 கோடி போன்ற எண்களிலிருந்துதான் இவற்றையும் பிழிந்தெடுக்க வேண்டும்.

முதல் திட்டக் காலத்தில் மழை நன்றாகப் பெய்தது. அதே ஆண்டுகளில் பயிர் அறுவடைச் சோதனை புதிய மாவட்டங்களுக்குப் பரவி, முன்பு எண்ணாத நிலங்களும் கணக்கில் வந்தன. அப்படியானால் அந்த 1.8 திட்டத்தின் எண்ணா, மழையின் எண்ணா, அல்லது எண்ணும் முறை மாறியதால் பிறந்த எண்ணா?

பதில் கிடைப்பதற்குள் இரண்டாவது திட்டத்துக்கு நேரம் வந்துவிட்டது. மூன்று என்ற பழைய எச்சரிக்கையைக் கைவிட்டு, 2.3 என்ற எண்ணை எழுதிக்கொண்டு அது 1956 ஏப்ரலில் தொடங்கியது.

(தொடரும்)